தட்டில் ஊற்றிய தண்ணீர்

தையல்காரர் வீட்டு நடு அறையில் ஒரு பிரிட்ஜ் இருந்தது. தாகத்தோடு வந்தவர்கள் உரிமையோடு அதைத் திறந்தால் முகத்தில் சூடும் ஈரமுமாக ஒரு மூச்சு வந்து அடிக்கும். உள்ளே பாலும் இருக்காது, காயும் இருக்காது. மேலே ஒரு பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன மின்விசிறி, கம்பி வலையில் வரிசையாக முட்டைகள், அடியில் ஒரு தகரத் தட்டில் தண்ணீர். "எல்லார் வீட்டுலயும் பிரிட்ஜுக்குள்ள போன முட்டை சட்டிக்கு வரும். எங்க வீட்டுல அது கால் முளைச்சு வெளிய வரும்னு என் மகன் சொல்றான். இன்னும் ஒண்ணும் வரல" என்பார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்தபடியே.

நான் அந்த வீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. கீழே மூன்று பேர். முன் அறையில் தையல் இயந்திரத்தோடு தையல்காரர், மனைவியை இழந்தவர். மருமகள் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவள். விடியும் முன்னே போய் மதியம் மணிக்கட்டில் மாவு காய்ந்திருக்கத் திரும்புவாள். மகன் இழுவைப் படகில் வேலை செய்தவன். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டித் துறைமுகத்துக்குள் இழுத்து வருமே, அந்தப் படகு.

அவனுக்குத் தெருவில் 'சதவீதம்' என்று பெயர். பிரிட்ஜுக்குள் காற்றின் ஈரத்தைக் காட்டும் வட்ட மீட்டர் ஒன்றை மாட்டியிருந்தான். வாசலில் துணி காயப் போடுகிற பெண்களிடம்கூட, "இன்னிக்கு எண்பது சதவீதம்க்கா, சாயங்காலம் வரைக்கும் காயாது" என்பான். கேட்டால் போதும், ஆளை உட்காரவைத்துப் பாடம் எடுத்துவிடுவான். எனக்கும் எடுத்தான்.

"முட்டைக்குச் சூடு குடுத்தாப் போதும்னு நினைக்கிறாங்கண்ணே. சூடு சுலபம். ஈரம்தான் ஆளை முழுங்கும். முட்டை ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஆயிரம் இருக்கு. பதினெட்டு நாள்ல அது வழியா உள்ள இருக்கிற தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போகணும். போன இடத்துல காத்து வந்து நிக்கும். குஞ்சு கடைசியா மூக்கை நீட்டி முதல் மூச்சு விடுறது அந்தக் காத்துலதான். வெளிய ஈரம் ஜாஸ்தியா இருந்தா உள்ள இருக்கிற தண்ணி போகாது. காத்துக்கு இடம் இருக்காது. முழுசா வளர்ந்த குஞ்சு, பொரியறதுக்கு முதல் நாள், ஓட்டுக்குள்ளயே மூழ்கிச் சாகும்."

"அப்ப ஈரமே வேண்டாம்னு விட்டுடலாமே?"

"விட்டா ஒரேயடியாக் காஞ்சுபோகும். அதுலயும் கடைசி மூணு நாள் நேர் எதிர். அப்ப ஈரம் நிறைய வேணும். இல்லன்னா ஓட்டுக்கு உள்ள இருக்கிற சவ்வு காஞ்சு குஞ்சு மேல துணி மாதிரி ஒட்டிக்கும், திரும்ப முடியாது. பதினெட்டு நாள் நாப்பத்தஞ்சுல இருந்து அம்பதுக்குள்ள. அப்புறம் எழுபது. அவ்வளவுதாண்ணே விஷயம்."

அவ்வளவுதான் விஷயம் என்று சொன்னவனுக்கே அது இரண்டு முறை பிடிபடவில்லை.

அவன் கடல் வேலையை விட்டுவிட்டு, கரையில் ஒரு படகுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஐந்து மாதங்களில் இது நடந்தது. கோழிப் பண்ணை ஒன்று வைத்துவிட்டால் கடல் பக்கமே போகவேண்டாம் என்பது அவன் கணக்கு. முதல் தடவை மின்சாரம் போய் முட்டைகள் பாதியில் கெட்டன. அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவைதான் அவனை உடைத்தது. இருபத்திரண்டு முட்டை. ஒன்றுகூடப் பொரியவில்லை. இருபத்து மூன்றாம் நாள் தரையில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தான். எல்லாவற்றிலும் இறகு முளைத்து, நகம் முளைத்து, கண் மூடிய முழுக் குஞ்சு. உடைக்கும்போது தாளில் தண்ணீர் கொட்டியது.

அந்த நாட்களில் மீட்டர் அறுபத்தைந்து, எழுபது என்று காட்டிக்கொண்டிருந்ததாம். "நான் ஊத்துற தண்ணிக்கு அம்பதுக்கு மேல போக வழியே இல்லண்ணே. இது பொய் சொல்லுது" என்று அவன் என்னிடமே சொல்லியிருக்கிறான். எல்லாம் செத்த பிறகு மீட்டரைச் சோதித்தான். ஒரு மூடியில் உப்பைப் போட்டு லேசாக நனைத்து, மீட்டரோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டிவைத்தால், அரை நாள் கழித்து முள் எழுபத்தைந்தில் நிற்கவேண்டும். நின்றது. ஒரு கோடு கூடவோ குறையவோ இல்லை.

"மீட்டர் உண்மையத்தான் சொல்லியிருக்கு. நான்தான் நம்பல" என்றான். "ஈரம் எங்கிருந்து வந்துச்சுன்னு மட்டும் தெரியல. எனக்குக் கை ராசி இல்ல, விடுங்க."

அடுத்த வாரமே பட்டறை வேலையை விட்டுவிட்டுப் பழைய இழுவைப் படகுக்குப் போய்க் கேட்டான். இடம் காலியானால் கூப்பிடுகிறோம் என்றார்கள். அந்தப் படகின் சமையல்காரர், பருத்த மனிதர், இவன் மேல் பிரியம் உள்ளவர், தன் வீட்டுக் கோழிகளின் முட்டை இருபத்து நான்கைத் தவிட்டில் புதைத்து ஒரு கூடையில் கொண்டுவந்து கொடுத்தார். "கூப்பிடுற வரைக்கும் சும்மாதானே இருக்கப்போற? இன்னொரு தரம் வச்சுப் பாருடா. இது பொரிஞ்சா நீ படகுக்கு வராதே. பொரியலைன்னா வந்து வெங்காயம் உரி" என்று சிரித்தார். தாகம் என்று பிரிட்ஜைத் திறந்து அவரும் சூட்டை வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாவது முறை முட்டைகளை அடுக்கி ஒன்பதாம் நாள் படகிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். இயந்திரம் இல்லாத ஒரு பெரிய சரக்கு மிதவையை வேறு துறைமுகத்துக்கு இழுத்துப் போய் விடவேண்டும். போக வரப் பத்து, பன்னிரண்டு நாள். அவன் கிழிந்த பையை அப்பாவிடம் தைக்கக் கொடுத்துக்கொண்டே மனைவிக்குத் திரும்பத் திரும்பச் சொன்னான். தினம் மூன்று முறை திருப்பிவிடு. ஐம்பதைத் தாண்டினால் தட்டை எடுத்துவிடு. பதினெட்டாம் நாளோடு திருப்புவதை நிறுத்து. பிறகு கதவைத் திறக்காதே.

"போகாம இருந்தா என்ன?" என்று அவள் கேட்டது மாடிப்படியில் நின்ற எனக்குக் கேட்டது.

"போகலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. இதுவும் செத்துப்போச்சுன்னா அப்புறம் நான் எங்க போய் நிக்கிறது?"

பிரிட்ஜின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அவன் போனபிறகு வீட்டில் ஒரு பயம் குடிவந்தது. தையல்காரர் இயந்திரத்தை மிதிக்கிறபோது நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போய் மீட்டரைப் பார்ப்பார். மருமகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன் அதைப் பார்ப்பாள். இருவருக்கும் பேச்சு அதிகம் கிடையாது. "நாப்பத்தேழு மாமா." "ம்." அதோடு சரி. முள் நாற்பத்தாறு, நாற்பத்தேழில் ஆணி அடித்தது போல நின்றது. நியாயமாக அதைப் பார்த்துச் சந்தோஷப்படவேண்டும். ஆனால் அவள் முகம் அதைப் பார்க்கப் பார்க்கச் சுருங்கிப்போனது. ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பதினாறாம் நாள் வானம் மூடியது. காற்று நின்றுபோய், சுவர்கள் வியர்த்தன. கடையில் மாத்திரை அட்டைகள்கூடக் கையில் ஒட்டின. புயல் உருவாகியிருக்கிறது, இந்தப் பக்கம் வராது என்றார்கள். அடுத்த நாள், வரலாம் என்றார்கள். மருமகள் மழையில் நனைந்துகொண்டே கடைக்கு வந்தாள்.

"அண்ணே, மாத்திரை டப்பாவுக்குள்ள சின்னச் சின்னப் பொட்டலம் போட்டிருப்பாங்களே, ஈரத்தை இழுக்கிறதுக்கு. அது இருக்கா?"

"முள் எவ்வளவு?"

"அறுபத்தொண்ணு. தட்டை நேத்தே எடுத்துட்டேன். சொட்டுத் தண்ணி இல்ல உள்ள. வெளியில இருந்தே வருதுண்ணே, நான் என்ன பண்ணட்டும்?"

காலி டப்பாக்களை எல்லாம் கவிழ்த்துப் பொறுக்கினேன். ஐம்பது அறுபது பொட்டலம் தேறியது. மருந்து நிறுக்கும் சின்னத் தராசையும் எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். முட்டையின் மேலேயே பென்சிலால் முதல் நாள் எடையை அவன் எழுதிவைத்திருந்தான். பதினெட்டு நாளில் அறுபது கிராம் முட்டை ஏழு, ஏழரை கிராம் இழந்திருக்கவேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தோம். ஐந்தரை, ஆறு, ஐந்தே முக்கால். தையல்காரர் ஜன்னலை மூடிவிட்டு டார்ச் விளக்கை முட்டையின் பெரிய முனையில் வைத்துக் காட்டினார். காற்றிருக்கும் இடம் வெளிச்சமாகத் தெரிந்தது. இருக்கவேண்டிய அளவுக்கு இல்லை. அதற்குக் கீழே இருட்டாக ஒன்று சட்டென்று அசைந்தது.

"உயிரோட இருக்கு" என்றாள் அவள். சொன்ன குரலில் மகிழ்ச்சி இல்லை. இழப்பதற்கு இத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவள் குரல் அது.

பதினெட்டாம் நாள் மதியம் பேக்கரியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். மழை படுக்கைவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. துறைமுகத் தொழிலாளர்களுக்கு ரொட்டி கொண்டுபோகிற வண்டிக்காரர் செய்தி கொண்டுவந்திருக்கிறார். வெளியே இருந்த மூன்று இழுவைப் படகில் இரண்டு திரும்பிவிட்டன. இவர்களுடையது விடியற்காலையிலிருந்து ஒயர்லெஸ்ஸில் பேசவில்லை.

இயந்திரச் சக்கரத்தின் மேல் தையல்காரர் உள்ளங்கையை வைத்து நிறுத்தினார். யாருக்கோ தைத்த கால்சட்டை அதில் பாதியில் நின்றது. அவர் மகனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"மீட்டர் எவ்வளவு காட்டுது, பாரு" என்றார்.

அவள் உள்ளே போனாள். அப்போதுதான் மின்சாரம் நின்றது.

அந்த நேரத்தில் நான் கடையை மூடிவிட்டு வந்திருந்தேன், தெருவில் தகரங்கள் பறந்ததால். நடு அறையில் மூன்று பேரும் பிரிட்ஜின் கதவில் அவன் வெட்டிப் பதித்திருந்த கண்ணாடித் துண்டு வழியே பார்த்துக்கொண்டு நின்றோம். பல்பு அணைந்ததும் உள்ளே சூடு குறைய ஆரம்பித்தது. சூடு குறையக் குறைய ஈர முள் ஏறியது. அறுபத்தைந்து. எழுபது. எழுபத்தாறு. கண்ணாடியின் உட்பக்கம் மூச்சுப் படிந்ததுபோல மங்கியது.

"வெந்நீர் போட்டுப் பாட்டில்ல ஊத்தி உள்ள வச்சா?" என்றேன்.

"வேண்டாண்ணே. அடுப்பு எரிஞ்சாலே ஈரம், கொதிச்சா அதைவிட ஈரம். பேக்கரியில பாத்திருக்கேன்" என்றாள். "காஞ்ச சூடு வேணும். காஞ்ச சூடு."

தையல்காரர் முன் அறைக்குப் போனார். மின்சாரம் இல்லாத நாளுக்கென்று அவரிடம் ஒரு பழைய கரி இஸ்திரிப் பெட்டி இருந்தது. பின்கட்டுத் தாழ்வாரத்தில் கரியைப் போட்டு விசிறிக் கனல வைத்தார். கம்பளித் துணியை நான்காக மடித்து அதன் மேல் பெட்டியை அழுத்தினார். முதல் அழுத்தில் துணியிலிருந்து ஆவி கிளம்பியது. திருப்பிப் போட்டு அழுத்தினார். மூன்றாவது முறை ஆவி வரவில்லை. "இப்ப எடு" என்றார். அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பேக்கரியில் மாவின் சூட்டை அவள் பார்க்கும் விதம் அது. "கொஞ்சம் ஆறட்டும்." ஆறியதும் கதவை ஒரு சாண் திறந்து முட்டைகளைச் சுற்றி வைத்தாள். ஆறிப்போன துணியை எடுத்து என்னிடம் தந்தாள். நான் அதை அவரிடம் கொண்டுபோனேன். இப்படி மூன்று பேரும் சுற்றிச் சுற்றி வந்தோம். முள் எழுபத்தாறிலிருந்து எழுபத்திரண்டுக்கு இறங்கியது. கொஞ்சம் அசந்தால் மறுபடி ஏறியது.

நான்கு மணி சுமாருக்குக் காற்று வீட்டின் மேல் ஆள் ஏறி நடப்பதுபோல் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"துணி ஆறுதும்மா."

"ஆறட்டும். போன தடவை அத்தனையும் செத்துச்சே, அது மீட்டராலயும் இல்ல, அவர் ராசியாலயும் இல்ல. என்னாலதான். நான் மதியம் வந்தா அவரு பட்டறையில இருப்பாரு. தட்டைப் பாத்தா கொஞ்சூண்டு தண்ணி கிடக்கும். எங்க மாவு அறையில மாவை மூடுற ஈரத்துணி காஞ்சா முதலாளி கத்துவாரு. காஞ்ச மாவு உப்பாது. அதே மாதிரிதான் இதுவும்னு நினைச்சு, பாவம் காயுதேன்னு தினம் ஒரு டம்ளர் ஊத்தினேன். அவரு வந்து முள்ளைப் பாத்துட்டு மீட்டர் பொய்னு சொன்னப்ப வாயைத் திறந்திருக்கணும். பயந்துட்டு நிறுத்தினேன். ஆனா அதுக்குள்ள..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அதைச் சொல்லியிருந்தா அவரு போயிருக்கமாட்டாரு. கை ராசி இல்லன்னு கடலுக்குப் போனாரு. நான்தான் அனுப்பினேன்."

தையல்காரர் திரும்பவே இல்லை. இஸ்திரிப் பெட்டி துணியின் மேல் அப்படியே நின்றது. கருகும் வாசனை வந்தது. நாற்பது வருடத்தில் யார் துணியையும் கருக்காதவர் என்று தெருவில் பெயர் வாங்கியவர். நான் பெட்டியைத் தூக்கி நகர்த்தினேன். கம்பளியில் பெட்டியின் உருவம் பழுப்பாகப் பதிந்திருந்தது.

"ஒரு டம்ளரா?" என்றார் கடைசியில்.

"ஆமா மாமா."

"நான் காலையில ஒரு குவளை."

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்.

"இஸ்திரி போடறதுக்குத் தண்ணி தெளிக்கிற குவளை. அதை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போவேன்ல. தட்டுல தண்ணி கம்மியா இருக்கும். பையன் மறந்துட்டுப் போயிட்டான் போலன்னு ஊத்துவேன். சொன்னா அவனுக்குக் கோபம் வரும், என் வேலையில கை வைக்காதீங்கம்பான். அதான் சொல்லல." அவர் தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். "இந்தத் தடவை நான் ஊத்தல, முள் நாப்பத்தேழுலயே நிக்குது. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பதினெட்டு நாளா மென்னு முழுங்கிட்டுக் கிடக்கேன்."

"நானும்தான் மாமா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. அது சிரிப்பு மாதிரி தொடங்கி வேறெங்கோ போய்விட்டது. அவர் தோளில் கிடந்த அளவு நாடாவால் கண்ணைத் துடைத்தார். அவள் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு பேருமாச் சேந்து முக்கியிருக்கோம்" என்றார். பிறகு எழுந்து இடுக்கியால் கரியைக் கிளறினார். "வாம்மா. இதையாவது பாப்போம்."

விளக்கு வைக்கும் நேரத்தில் மின்சாரம் வந்தது. பல்பு எரிந்ததும் முள் இறங்க ஆரம்பித்தது. அறுபதுக்கு வந்து நின்றது. முட்டைக்குள் இருந்தவை உயிரோடு இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்க்க மூவருக்கும் தைரியம் இல்லை.

பத்தொன்பதாம் நாள் காலை மழை விட்டது. காற்று திரும்பி, நிலத்திலிருந்து உலர்ந்து அடித்தது. நான் விடிந்ததும் துறைமுக வாசலுக்குப் போனேன். பூட்டிய கதவுக்கு வெளியே பெண்கள் கூட்டம். உள்ளே ஒரு கரும்பலகையில் படகுகளின் பெயர்கள், எதிரே 'வந்தது' என்று சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். இவர்கள் படகுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. கேட்டால், தேடப் போயிருக்கிறார்கள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். பிரிட்ஜைக் காட்டினாள். முள் நாற்பத்தொன்றில் இருந்தது.

"இன்னிக்கு எழுபதுக்கு ஏறணும்ணே. தண்ணி ஊத்தணும்."

"ஊத்தேன்."

தகரத் தட்டு தரையில் இருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர். எவ்வளவு நேரமாக அப்படி இருந்ததோ. "மாமா, நீங்க ஊத்துங்க" என்றாள். "என் கையால வேண்டாம்மா. நீ ஊத்து" என்றார். அவள் டம்ளரை எடுத்தாள். தட்டுக்கு மேலே கொண்டுபோய்ப் பிடித்தாள், சாய்க்கவில்லை. கீழே வைத்துவிட்டாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கடையில் இருமல் மருந்து அளக்கும் மூடி ஒன்று என் சட்டைப் பையில் இருந்தது. அதில் மூடி மூடியாக அளந்து ஊற்றினேன். ஐந்து மூடி ஊற்றித் தட்டை உள்ளே வைத்தோம். கால் மணி நேரம் பார்த்தோம். ஐம்பத்தைந்து. இன்னும் நான்கு மூடி. அறுபத்து நான்கு. ஒரு கந்தலை நனைத்து ஓரமாக வைத்தபிறகு அறுபத்தொன்பதில் நின்றது. கதவைச் சாத்தினோம். இனி திறக்கக்கூடாது.

இருபதாம் நாள் காலை ஒரு முட்டையில் சின்னதாக ஒரு கீறல். நட்சத்திரம் மாதிரி வெடித்திருந்தது. கண்ணாடியில் காதை வைத்தால் 'கீச்' என்று உள்ளிருந்து கேட்டது. அவள் அன்று வேலைக்குப் போகவில்லை. அடுப்பு மூட்டவும் இல்லை. நான் வாங்கி வந்த ரொட்டி வெட்டாமல் கிடந்தது. மதியம் வரை அந்தக் கீறல் ஒரு மயிரளவுகூடப் பெரிதாகவில்லை. சத்தமும் நின்றுபோனது.

"செத்துப்போச்சு" என்றாள். கதவின் பிடிமேல் கையை வைத்தாள். "கொஞ்சம் ஓட்டைப் பிச்சுவிட்டா வந்துடும் மாமா. ஒரே ஒரு நிமிஷம்."

தையல்காரர் அவள் கைமேல் கையை வைத்தார். மருமகள் கையை அவர் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். "திறந்தா ஈரம் போயிடும். இது ஒண்ணுக்காகத் திறந்தா மத்த எல்லாத்துக்கும் சவ்வு காஞ்சு ஒட்டிக்கும். அவன் சொல்லியிருக்கான்ல."

"சத்தமே இல்லையே மாமா."

"சத்தம் இல்லன்னா செத்துட்டதா அர்த்தம் இல்லம்மா. இளைப்பாறும்."

அவள் கையை எடுத்தாள். அவர் முன் அறைக்குப் போய் இயந்திரத்தில் உட்கார்ந்தார். மிதிக்கவில்லை.

இருபத்தோராம் நாள் விடிந்தபோது கீறல் விழுந்த முட்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் நனைந்த பஞ்சுத் திரி மாதிரி ஒன்று தலையைத் தூக்கத் தெரியாமல் தூக்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஆறு முட்டைகளில் கீறல். பத்து மணிக்குள் நான்கு வெளியே வந்துவிட்டன. நாங்கள் மூவரும் கண்ணாடிக்கு முன்னால் முட்டியிட்டு உட்கார்ந்திருந்தோம். சந்தோஷப்பட்டால் எங்கோ ஏதோ கெட்டுவிடும் என்று பயந்தோம்.

பதினொரு மணிக்கு அவளுடைய போன் அடித்தது. தெரியாத எண். அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். எடுக்கவில்லை. மாமனாரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எடுத்தேன். காற்றின் இரைச்சல். ஆட்கள் பேசும் சத்தம். "யாரு?" என்றேன்.

"அண்ணே, நான்தான்."

என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனைப் பிடுங்கினாள். நான் ஒலியைக் கூட்டிவிட்டேன். மிதவையின் கயிறு அறுந்து அவர்கள் படகு சாய்ந்திருக்கிறது. ஆட்கள் மிதக்கும் பலகைகளைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். ஏதோ ஒரு மீன்பிடிப் படகு தூக்கி ஏற்றி எங்கோ ஒரு கரையில் விட்டிருக்கிறது. போன் அந்தப் படகுக்காரருடையது. இதையெல்லாம் அவன் சொல்லி முடிக்க அவள் விடவில்லை.

"நான்தான் தண்ணி ஊத்தினேன். போன தடவை. தட்டுல. நான்தான். உங்க ராசி இல்ல. நானும் ஊத்தினேன், மாமாவும் ஊத்தினாரு. உங்ககிட்ட சொல்லாம..."

"என்ன தண்ணி?"

"தட்டுல..."



"ஏம்மா, ரெண்டு நாளாக் கடல்ல கிடந்துட்டு வந்திருக்கேன். நீ ஒரு டம்ளர் தண்ணியப் பத்திப் பேசுற."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். தையல்காரர் குனிந்து போனுக்கு அருகில் வாயை வைத்துக் கத்தினார். "அஞ்சு வந்திருக்குடா! அஞ்சாவது இப்பத்தான் காலை நீட்டுது! அறுபத்தொம்பது சதவீதம்!"

அவன் சிரிப்பான் என்று நினைத்தோம். சிரிக்கவில்லை.

"அப்பா" என்றான். "நம்ம சமையல்காரர் கிடைக்கல."

தையல்காரர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் அவர் கையைப் பிடிச்சிருந்தேன்பா. ரொம்ப நேரம் பிடிச்சிருந்தேன். ஈரக் கை. வழுக்கிருச்சு."

"வந்துடு" என்றார் தையல்காரர். "முதல்ல நீ வீட்டுக்கு வந்துடு."

இருபத்து நான்கில் பதினைந்து பொரிந்தன. மறுநாள் சாயங்காலம் அவன் வந்தான். கால் வீங்கியிருந்தது, உதடு உப்பில் வெடித்திருந்தது. ஒரு அட்டைப் பெட்டிக்குள் பல்பின் கீழே ஒண்டிக்கொண்டிருந்த குஞ்சுகளைப் பார்த்தான். பொரியாத ஒன்பதையும் உடைத்துப் பார்க்கவேண்டும் என்றான். அவளும் அவரும் கூட உட்கார்ந்தார்கள். நான்கில் கருவே இல்லை. மூன்று நடுவில் நின்றுபோனவை. இரண்டுதான் முழுக் குஞ்சு. "இது மூழ்கினதுதான்" என்றான். "ரெண்டுதான்." அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. குஞ்சுக்காக அழவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து எட்டுக் குஞ்சுகளைக் கூடையில் வைத்துச் சமையல்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனான். நானும் போனேன். அவர் மனைவி கதவருகே வந்து கூடையைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரமாட்டாள் என்று நினைத்தோம். ஒரு கிண்ணத்தில் நொய்யரிசியோடு வந்து, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுப்பதுபோல் கூடையருகே உட்கார்ந்தாள்.

அவன் மறுபடி கடலுக்குப் போகவில்லை. பட்டறைக்குப் போகிறான், சாயங்காலம் முட்டையைப் பார்க்கிறான். யார் கையையும் தொடும் முன், முட்டையை எடுக்கும் முன், காய்ந்த கையாகவே இருந்தாலும் சட்டையில் ஒரு தரம் துடைத்துக்கொள்வது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது.

அடுத்த ஈடு முட்டை வைத்தபோது பிரிட்ஜின் கதவில் ஒரு அட்டை ஒட்டினான். 'தண்ணீர் ஊற்றியவர் சொல்லவும்' என்று எழுதியிருந்தது. நான் கடைக்குக் கிளம்பும் நேரத்தில் கீழே தையல்காரரின் குரல் கேட்கும், "ரெண்டு மூடி ஊத்தியிருக்கேன்!" மதியம் சாப்பிட வரும்போது மருமகளின் குரல், தெருவுக்கே கேட்கும்படி, "நான் ஊத்தல மாமா! நான் ஊத்தவே இல்ல!"